இன்சுலின் போட ஆரம்பித்ததிலிருந்து எடை ஏறுகிறதே, என் மேல்தான் தப்பா? - வாசகர் கேள்வி பதில்

சர்க்கரை நோயோடு எடையையும் சேர்த்துச் சுமப்பவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். படிக்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஏறக்குறைய எல்லாருமே ஏதோ குற்றம் செய்தவர்கள் மாதிரி, மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 54. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரையில் கட்டுப்படவில்லை என்று ஏழு மாதம் முன்பு இன்சுலின் ஆரம்பித்தார்கள். மூன்று மாத சராசரி 10.4-லிருந்து 7.6-க்கு வந்துவிட்டது, ஆனால் எடை 71 கிலோவிலிருந்து 77. ஒவ்வொரு முறை போகும்போதும் "வாயைக் கட்டுங்கள்" என்று திட்டு வாங்குகிறேன். சத்தியமாக முன்பைவிடக் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன். சில நாள் ராத்திரியில் வேர்த்துப் படபடவென்று முழிப்பு வரும், கட்டில் பக்கத்தில் இருக்கும் பிஸ்கட் டப்பாவை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன், அவ்வளவுதான். என் மேல்தான் தப்பா?

பதில்: இல்லை அம்மா. ஏன் ஏறியது என்பதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதல் இடம் அந்த 10.4, அதாவது சர்க்கரை மிக அதிகமாக இருந்த காலம். ரத்தத்தில் சர்க்கரை, மீட்டர் காட்டும் எண்ணில், ஏறத்தாழ 180-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடியாது, சிறுநீரில் விட்டுவிடும். அதாவது நீங்கள் சாப்பிட்டதில் ஒரு பங்கு உடம்பில் ஒட்டாமலேயே வெளியே போய்க்கொண்டிருந்தது. நாளைக்கு 50 கிராம் அப்படிப் போனது என்று வைத்துக்கொள்வோம், கிராமுக்கு 4 கலோரி, ஆக 200 கலோரி, மாதத்துக்கு 6,000. ஒரு கிலோ உடம்புக் கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கலோரி. கணக்கு எங்கே போகிறது என்று தெரிகிறதா? இன்சுலின் வந்து அந்த ஓட்டையை அடைத்துவிட்டது, கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் அது மிக நல்லது, ஆனால் அதே தட்டில் அதே அளவு சாப்பிட்டாலும் இப்போது முழுசும் உடம்பிலேயே தங்குகிறது. போதாததற்கு இன்சுலினின் இயல்பான வேலையே சேமித்து வைப்பதுதான், கொழுப்பைக் கரைய விடாமல் பிடித்துக்கொள்ளும். 1998-ல் வெளியான பிரிட்டனின் பெரிய சர்க்கரை நோய் ஆய்வில், பத்து வருடத்தில், இன்சுலின் போட்டுக்கொண்டவர்கள் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிடச் சராசரியாக 4 கிலோ கூடுதலாக ஏறியிருந்தார்கள். அவர்கள் எல்லாருமே வாயைக் கட்டத் தெரியாதவர்களா என்ன?

இரண்டாவது இடம், நீங்கள் "அவ்வளவுதான்" என்று தாண்டிப் போன அந்த பிஸ்கட் டப்பா. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. நடுராத்திரி வேர்வையும் படபடப்பும் பெரும்பாலும் லோ சுகர், அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவது. அடுத்த முறை முழிப்பு வந்ததும், டப்பாவுக்கு முன்னால் குளுக்கோமீட்டரை எடுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்து மறுபடி சோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. கை நடுக்கத்தில் மீட்டரை எடுக்க முடியவில்லை என்றால் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரை முதலில் குடித்துவிடுங்கள். பிஸ்கட் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அதில் இருக்கும் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும், படபடப்பு நிற்காது, நிற்கிறவரைக்கும் கை டப்பாவுக்குள் போய்க்கொண்டே இருக்கும். நடுங்குகிற கை எத்தனை எடுத்தோம் என்று எண்ணாது. அந்த நேரத்துப் பசி நாக்கு ருசிக்கான பசி கிடையாது, மூளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போடுகிற கட்டளை, அதை மனவுறுதியால் அடக்கவும் கூடாது. இதற்கு மருந்து வாயைக் கட்டுவது இல்லை. எந்த இன்சுலின் எந்த வேளைக்கு எத்தனை யூனிட் என்பதை உங்கள் மருத்துவர் திருத்த வேண்டும். தேதி, நேரம், மீட்டர் காட்டிய எண், என்ன சாப்பிட்டீர்கள் என்பதை ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதிக் கொண்டுபோய் அவர் மேஜையில் வையுங்கள். "குறைவாகத்தான் சாப்பிடுகிறேன்" என்று வாயால் சொன்னால் நம்பாதவர்கள், எழுதின எண்ணைப் பார்த்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். ராத்திரி 2 மணிக்கு 58 என்று இருந்தால் யாரும் உங்களைத் திட்ட முடியாது. அதுவரை இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை, ஒரே முறை 54-க்குக் கீழே போனாலும் மறுநாளே பேசிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, எங்கே ஊசி போடுகிறீர்கள்? என்னிடம் வந்த ஒருவர், இன்சுலின் அளவு ஏறிக்கொண்டே போகிறது, சர்க்கரை ஒரு நாள் 300, ஒரு நாள் 60 என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டையைத் தூக்கச் சொன்னேன். தொப்புளுக்கு இடப்பக்கம் அரை எலுமிச்சை அளவுக்கு மெத்தென்று ஒரு மேடு, நான்கு வருடமாக அதே இடத்தில் போட்டிருக்கிறார், ஏனென்றால் அங்கே வலிக்காது. வலிக்காது, ஆனால் அந்தக் கட்டியிலிருந்து இன்சுலின் ஒழுங்காக ரத்தத்துக்கும் போகாது. அளவைக் கூட்டுவார்கள், ஒரு நாள் மொத்தமாக இறங்கி லோ ஆகும், லோ ஆனால் சாப்பிட வேண்டும், எடை ஏறும். நீங்களும் விரலால் தடவிப் பாருங்கள். கட்டி இருந்தால் இடத்தை மாற்ற வேண்டும், ஆனால் நல்ல தோலில் அதே அளவைப் போட்டால் தடாலென்று இறங்கிவிடலாம் என்பதால் அளவைக் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள்.

கடைசியாக உங்கள் மருந்துச் சீட்டு. இன்சுலின் ஆரம்பித்த பிறகும் கிளிமெபிரைடு மாதிரி பழைய மாத்திரை தொடர்கிறதா? அதுவும் எடை ஏற்றும், லோ ஆக்கும். பயோகிளிட்டசோன் இருக்கிறதா? அது கொழுப்பையும் நீரையும் சேர்க்கும், கால் வீக்கம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மூட்டுவலிக்கோ மூச்சிளைப்புக்கோ ஸ்டீராய்டு, மனநலத்துக்கான சில மருந்துகள், இவையும் எடை ஏற்றுபவைதான். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் "எடை ஏற்றாத மருந்து எனக்கு ஒத்துவருமா, அதனால் இன்சுலினைக் குறைக்க முடியுமா?" என்று கேட்பது உங்கள் உரிமை. மெட்ஃபார்மின் எடை ஏற்றாது, எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை இரண்டு மூன்று கிலோ குறைக்கும், வாரம் ஒரு முறை போடும் ஊசிகள் இன்னும் அதிகம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

சாப்பாட்டையும் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் லோ ஆவது நின்ற பிறகு. 77 கிலோவில் 4 கிலோ போனாலே சர்க்கரை, ரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு மூன்றிலும் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: "சர்க்கரை சேர்க்காதது" என்று அச்சிட்ட பிஸ்கட், இனிப்பு சாப்பிட்டால் எடை ஏறாதுதானே?

பதில்: ஏறும். சர்க்கரை இல்லை, மாவும் கொழுப்பும் இருக்கிறது. முன்பக்கம் இருப்பது விளம்பரம், பின்பக்கம் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று பொடி எழுத்தில் இருக்கும், அதைச் சாதாரண பிஸ்கட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆறு மாதம் முன்புதான் சர்க்கரை என்று தெரிந்தது. வயது 41, எடை 92. மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறேன். 15 கிலோ குறைத்தால் சர்க்கரை நோயே போய்விடும் என்று நண்பர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: "போய்விடும்" என்ற வார்த்தையை மட்டும் மாற்றிக்கொண்டு நம்பலாம். மருந்தில்லாமல் மூன்று மாதமாவது ஹெச்பிஏ1சி (அந்த மூன்று மாத சராசரி) 6.5-க்குக் கீழே இருந்தால் அதைத் தணிந்த நிலை என்று 2021-ல் வரையறுத்தார்கள். குணம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பும்.

நண்பர் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லரும் கிளாஸ்கோவின் மைக் லீனும் நடத்திய டைரக்ட் ஆய்வு 2017-ல் வெளியானது. சர்க்கரை நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள். சாப்பாட்டுக்குப் பதில் மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளுக்குச் சுமார் 850 கலோரி அளவுக்குத் தயாரித்த சூப்பும் பானமும் மட்டும், பிறகு மெல்ல மெல்ல வழக்கமான உணவு. ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் தணிந்த நிலைக்கு வந்தார்கள், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 4 சதவீதம். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களை மட்டும் எடுத்தால் 86 சதவீதம். இரண்டு வருட முடிவில் மொத்தக் கணக்கு 36 சதவீதமாக இறங்கியது, இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

காரணம் வெளியே தெரிகிற தொப்பையைவிட உள்ளே இருக்கும் கொழுப்பு. கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைந்தால், இன்சுலின் சுரக்கும் செல்கள் மறுபடி வேலை செய்ய ஆரம்பிக்கின்றன. வருடக்கணக்கில் அடிபட்ட செல்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு. உங்களுக்கு ஆறு மாதம்தான் ஆகிறது, வயதும் 41. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது, தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் அந்த 850 கலோரியை வீட்டில் நீங்களாகச் செய்ய வேண்டாம். அந்த ஆய்வில் முதல் நாளே சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டு, ஆள் வைத்துக் கண்காணித்தார்கள். மேற்பார்வை கிடைக்காவிட்டால் ஆறு மாதத்தில் 7, 8 கிலோ என்று போங்கள், அதுவும் வீணாகாது. எடை எந்திரத்தோடு இஞ்ச் டேப்பும் வைத்துக்கொள்ளுங்கள், தொப்புள் மட்டத்துச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள் வர வேண்டும்.

கேள்வி: வாரம் ஒரு முறை போடும் ஊசியால் என் தோழி 18 கிலோ குறைந்தாள், அவளுக்குச் சர்க்கரை கிடையாது. எனக்குச் சர்க்கரை, அதே ஊசி, எட்டு மாதத்தில் 8 கிலோதான். எனக்கு வேலை செய்யவில்லையா? எப்போது நிறுத்தலாம்?

பதில்: வேலை செய்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த மருந்துகளால் குறையும் எடை எப்போதுமே கொஞ்சம் கம்மி, அது உங்கள் சோம்பேறித்தனம் இல்லை. இந்த வார ஊசிகளில் ஒன்றான செமாகுளுடைட் 2.4 மில்லிகிராம் ஆய்வுகளில் 68 வாரத்தில் சர்க்கரை இல்லாதவர்கள் சுமார் 15 சதவீதம் குறைந்தார்கள், சர்க்கரை உள்ளவர்கள் சுமார் 9.6. இன்னொன்றான டிர்செப்படைடு அதிக அளவில், 72 வாரத்தில், முன்னவர்களுக்குச் சுமார் 21 சதவீதம், பின்னவர்களுக்கு 14.7. கூடவே எடுக்கும் இன்சுலினும் கிளிமெபிரைடு மாதிரி சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளும் எதிர்த்திசையில் இழுப்பது ஒரு காரணமாக இருக்கலாம், அவற்றைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். தோழியோடு ஒப்பிடுவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

நிறுத்துவது பற்றி: சர்க்கரை இல்லாதவர்களிடம் செமாகுளுடைடை நிறுத்திப் பார்த்தபோது ஒரே வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மருந்து பசியை அடக்கி வைத்திருந்தது, போனதும் பசி வந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். ரத்த அழுத்த மாத்திரை மாதிரி நீண்ட நாள் மருந்து என்று நினைத்தே இதற்குள் இறங்க வேண்டும், முடிவு எடுக்கும் முன் செலவையும் அப்படியே கணக்கிட வேண்டும்.

பசி இல்லை என்பதற்காகச் சாப்பிடாமல் இருக்காதீர்கள், கொழுப்போடு தசையும் போய்விடும். ஒவ்வொரு வேளையும் தட்டில் புரதத்தை முதலில் சாப்பிடுங்கள், பிறகு காய், மாவுச்சத்து கடைசியில். வயிறு நிறைந்தது என்று தெரிந்த அந்தக் கவளத்தோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் இரண்டு கவளம் போனால் குமட்டல் நிச்சயம். வயிற்றின் மேல்பகுதியில் முதுகு வரை பாயும் கடும் வலி வந்தால் அன்றே மருத்துவமனை. கண் விழித்திரைப் பரிசோதனை ஒரு வருடமாகச் செய்யவில்லை என்றால் செய்துகொள்ளுங்கள், சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே இருக்கிற விழித்திரைப் பாதிப்பு சில காலம் மோசமாகலாம். கர்ப்பத்துக்குத் திட்டம் இருந்தால் செமாகுளுடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செப்படைடு என்றால் கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம், அதையும் சொல்லிவிட்டே தொடருங்கள்.

கேள்வி: மாவுச்சத்தை அறவே விட்டேன், பத்து நாளில் 4 கிலோ! அடுத்த பத்து நாளில் அரை கிலோகூட இல்லை. எங்கே தவறினேன்?

பதில்: எங்கேயும் இல்லை. முதலில் போனதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரையாவது பிடித்து வைத்திருக்கும், மாவுச்சத்து வராவிட்டால் இரண்டும் சேர்ந்து காலியாகும். இனிமேல் இறங்குவதுதான் கொழுப்பு, அது மெதுவாகத்தான் இறங்கும்.

என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை, எனக்கு அதுதான் முக்கியம். கிளிமெபிரைடோ இன்சுலினோ இருந்தால் லோ ஆகலாம், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் இருந்தால் இந்த உணவுமுறையைத் தொடரும் முன் இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். மாவுச்சத்தை முழுசாக விட்டால், உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறும் ஆபத்து இருக்கிறது, மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகவே காட்டிக்கொண்டிருக்கும், அதனால் ஏமாந்துபோவார்கள். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல், இவற்றில் ஒன்று வந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போய் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது, இருபது வருடச் சர்க்கரை. நான்கு மாதத்தில் 62-லிருந்து 55 கிலோவாகிவிட்டார். எதுவும் முயற்சி செய்யாமலேயே குறைந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம். தொடரலாமா?

பதில்: சந்தோஷப்படாதீர்கள், இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். முயற்சி இல்லாமல் 7 கிலோ என்பது எச்சரிக்கை. சர்க்கரை எகிறியிருக்கலாம், தைராய்டு, மனச்சோர்வு, மெல்ல முடியாத பல், அல்லது கணையத்திலோ வேறெங்கோ கட்டியாகக்கூட இருக்கலாம். அந்த வயதில் போகும் கிலோவில் தசையும் நிறையப் போகும், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன், ஆறு மாதமாக எடை அசையவில்லை. விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். எடையை இறக்குவதில் நடை பலவீனம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன், ஒரு மணி நேரம் நடந்து எரித்ததை ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட முடியும். ஆனால் இறங்கிய எடை திரும்பாமல் பிடித்து வைப்பதில் அதற்கு ஈடு இல்லை. தசை அசையும்போது இன்சுலின் தயவில்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், எடை எந்திரத்தில் அது தெரியாது. ஒரு மணி நேரத்தை உடைத்து ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு 15, 20 நிமிடமாக நடந்து பாருங்கள், மீட்டரில் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை 10 முறை செய்தாலே ஆரம்பம்தான். செருப்பைக் கழற்றியதும் பாதத்தின் அடியைப் பாருங்கள், மரத்துப்போன கால் கொப்புளத்தைச் சொல்லாது.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது, ஒன்பது வயதிலிருந்து டைப் 1, உடம்பில் இன்சுலின் சுரக்காத வகைச் சர்க்கரை. இரண்டு மாதமாக உடல் இளைத்து வருகிறாள், எல்லாரும் அழகாகிவிட்டாய் என்கிறார்கள். இன்சுலின் பேனாவைப் பார்த்தால் போன மாதம் வாங்கியது பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. கேட்டால் கோபப்படுகிறாள். நான் என்ன செய்வது?

பதில்: ஐயா, நீங்கள் சந்தேகப்படுவது சரியாக இருக்கக்கூடும். இன்சுலினைக் குறைத்தால் எடை இறங்கும் என்பதை டைப் 1 உள்ள பிள்ளைகள் சிறு வயதிலேயே தெரிந்துகொள்கிறார்கள். முதல் பதிலில் சொன்ன அதே ஓட்டைதான், சிறுநீரில் போகும் அதே சர்க்கரைதான், ஆனால் டைப் 1-ல் இன்சுலின் சுத்தமாக இல்லாமல் போனால் ஒன்றிரண்டு நாளிலேயே கீட்டோன் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகும். இது அடமோ அலட்சியமோ இல்லை, உணவு சார்ந்த மனநலப் பிரச்சினை. சர்க்கரை மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டியது.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு விசாரணை செய்யாதீர்கள். பத்து வருடமாக ஒவ்வொரு கவளத்தையும் எண்ணிச் சாப்பிட்டு, ஒவ்வொரு யூனிட்டையும் கணக்குப் பார்த்துப் போட்டு வளர்ந்த பிள்ளை அவள், களைத்துப்போயிருப்பாள். "ஊசி போட்டாயா?" என்பதற்குப் பதில் "இன்சுலின் போட்டால் குண்டாகிவிடுவோம் என்று பயமாக இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள், கேட்டுவிட்டு அவள் பேசுகிறவரைக்கும் சும்மா இருங்கள். எடை அவளுக்கு நிஜமாகவே பிரச்சினை என்றால், இன்சுலினைத் தவறவிடாமல் அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது என்று மருத்துவரையே அவளிடம் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் யாரும் அவள் உடம்பைப் பற்றி, அழகாகிவிட்டாய் என்றுகூட, பேச வேண்டாம், உறவினர்களிடமும் சொல்லி வையுங்கள்.

கீட்டோன் பரிசோதனைக் குச்சிகள் வீட்டில் இருக்கட்டும். வாந்தி, வயிற்று வலி, ஆழமாக வேகமாக மூச்சு விடுவது, வாயில் பழம் அழுகின மாதிரி வாசனை, இதில் எது வந்தாலும் அவள் கோபப்பட்டாலும் பரவாயில்லை, நேராக அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அங்கே போனதும் டைப் 1 என்பதையும் இன்சுலின் விட்டுப்போயிருக்கலாம் என்பதையும் அவளுக்குப் பதிலாக நீங்களே சொல்லிவிடுங்கள்.